வடிகட்டியில் கிடைத்தது

பிப்ரவரிப் புயல் ஓய்ந்த மறுநாள்
ரன்ஸ்விக் கரையிலிருந்து வில்ஃப்
ஏழு கற்களை முதுகில் சுமந்து வந்தான்.
ஆறு தோட்டத்தில் கிடக்கின்றன.
பூனை அவற்றின் மேல் வெயில் காய்கிறது,
வெயில் இருக்கும் நாட்களில்.

ஏழாவதன் விளிம்பில்
முறுக்கிய கயிறு போல் ஏதோ.
"அம்மோனைட். பார், முதுகு தெரிகிறது" என்றான்.
எனக்குக் கல்தான் தெரிந்தது.
கல்லைக் கண்டால் அதைக் காணோம்.
அதைக் கண்டவனுக்கோ
அன்றிலிருந்து என்னைக் காணோம்.

மதிலை ஒட்டிய கொட்டகையில்
கம்ப்ரஸர் இரவு எட்டுக்குத் தொடங்கும்.
பல் மருத்துவரிடம் வாய் திறந்து கிடக்கையில்
மண்டைக்குள் கேட்குமே, அந்தக் குரல்.
பக்கத்து வீட்டு மிஸஸ் வெரில்
இரண்டு முறை மதிலைத் தட்டினாள்.
மூன்றாம் முறை கேக்கோடு வந்து கெஞ்சினாள்.

பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்,
நாற்பது பிள்ளைகள் கத்தினாலும் திரும்பாதவன்,
இங்கே ஒரு துகள் அசைந்தால் மூச்சை நிறுத்துகிறான்.
கல்லும் சாம்பல், ஓடும் சாம்பல்.
கண்ணுக்குத் தெரியாது, மணிக்கட்டுக்குத்தான் தெரியும் என்பான்.
ஓடு வந்ததும் ஊசியின் ஒலி மாறுமாம்.
சோற்றில் கல் அகப்பட்டது போலவா என்றேன்.
இல்லை,
கல்லில் சோறு அகப்பட்டது போல.

முகமூடியின் தடம் மூக்கில்,
இமைமுடியில் மாவு,
படுக்கையில் அவன் பக்கம் மட்டும்
ஈரச் சுவரின் வாசனை.

முப்பத்தோராம் மணியில் அது நடந்தது
(சுவரில் கோடு போட்டு எண்ணுகிறவன்).
ஊசி வழுக்கியது.
நகக்கண் அளவு சில்லு,
மூன்று வரிகளோடு, தெறித்துப் போனது.
தரையைத் தூரிகையால் பெருக்கினான்.
பெருக்கியதைச் சலித்தான்.
சலித்ததை உருப்பெருக்கியின் கீழே பரப்பினான்.
பிஸ்கட் தூள். ஒரு நகம்.
என்றோ தொலைந்த என் தோட்டின் திருகு.
அதை என்னிடம் நீட்டியபோது
முகத்தில் துளி மகிழ்ச்சி இல்லை.

கம்ப்ரஸர் நின்றது.
வில்ஃப் சமையலறைக்கு வந்தான்.
உருளைக்கிழங்கு உரித்தான்,
உள்ளே ஏதோ உடைந்துவிடும் என்பது போல மெல்ல.
பேசினான்.
கூரைக் கசிவு, அண்ணனின் கடன்,
பத்தொன்பது வருடமாக
இருவரும் உச்சரிக்காத ஒரு பெயர்.

வெள்ளிக்கிழமை துவைப்பு இயந்திரம்
தண்ணீரை வெளியே விட மறுத்தது.
வடிகட்டியைத் திருகி எடுத்தேன்.
நூல் பிசிறு, ஒரு பென்னி,
பிசிறுக்குள்ளே அது.
அவன் கம்பளிச் சட்டையின்
மடித்த கைநுனியில் ஏறி வந்திருக்கிறது.
பதினெட்டுக் கோடி ஆண்டு சேற்றில்.
பிறகு ஐம்பது நிமிடம், நாற்பது டிகிரியில்,
லாவண்டர் சோப்புத்தூளோடு.
மூன்று வரிகளும் அப்படியே.

உடனே கொடுத்திருக்க வேண்டும்.
கொடுக்கவில்லை.
சனி, ஞாயிறு, திங்கள்
ஏப்ரன் பையில் வைத்திருந்தேன்.
அவன் பேசப் பேச விரலால் தடவினேன்,
மேடு பள்ளம் மேடு பள்ளம் மேடு.
திருட்டு என்றால் திருட்டுத்தான்.

செவ்வாய் இரவு சொன்னான்,
பிசின் குழைத்துப் பள்ளத்தை நிரப்பப் போகிறானாம்.
வரிகளைச் செதுக்கி வண்ணம் பூசிவிட்டால்
யாருக்கும் தெரியாதாம்.
"உனக்கு?"
தட்டைப் பார்த்தான்.
உப்புக் குப்பியின் பக்கத்தில்
சில்லை வைத்தேன்.

எங்கே என்று கேட்கவில்லை.
எப்போது என்றும் கேட்கவில்லை.
எடுத்து முகர்ந்தான்.
"லாவண்டர்" என்றான்.
பிறகு, வெகுநேரம் கழித்து,
"விளக்கைப் பிடிக்க ஆள் வேண்டும்."

ஒட்டிய இடம் சற்று வெளுத்திருக்கிறது,
சோப்பின் வேலை.
அதன் மேல் அவன் வண்ணம் பூசவில்லை.
இன்னும் அரை வட்டம் கல்லுக்குள் இருக்கிறது.

மணி எட்டு.
மிஸஸ் வெரில் மதிலைத் தட்டுகிறாள்.
விளக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு
நான் பதிலுக்குத் தட்டுகிறேன்.