இரண்டே முக்கால் மீட்டர்

கழுத்துப்பட்டை சதைக்குள் போயிருந்தது.
குட்டியில் மாட்டியது,
பிறகு யாரும் துளையை மாற்றவில்லை.
கழுத்து வளர்ந்தது, தோல்வார் வளரவில்லை,
அவ்வளவுதான் கதை.
இங்கூனா மயக்க ஊசி போட்டு
இழை இழையாக வெட்டி எடுத்தாள்.
வாடை தாங்காமல் ஜன்னலைத் திறந்தோம்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

படிவத்தில் எழுதினேன்:
பெண். வயது ஏழு இருக்கலாம்.
எடை பதினாறு கிலோ, இருக்க வேண்டியது இருபத்தைந்து.
பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
வைத்திருந்தவர் அதை ‘நாய்’ என்றே கூப்பிட்டாராம்.

வார நாட்களில் நான் நிலம் அளப்பவள்.
ரேசெக்னே பக்கத்தில்
யார் வேலி யார் காட்டுக்குள் புகுந்தது என்று
கருவியை ஊன்றிப் பார்த்துச் சொல்பவள்.
சனி, ஞாயிறுக்கு இந்தக் காப்பகம்.
அதனால்தான் என் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

தையல் பிரித்த மறுநாள்
பெரிய முற்றத்தில் விட்டோம்.
முழங்கால் பனி. ஓரமெல்லாம் பிர்ச் மரங்கள்.
அது நடுவில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு
சுற்றத் தொடங்கியது.
செக்கு இல்லை, நுகத்தடி இல்லை,
எண்ணெய் மட்டும் யாருக்கோ
இறங்கிக்கொண்டே இருப்பதுபோல்.
இருட்டுவதற்குள் பனி அமுங்கி
ஒரு வட்டம் பளபளத்தது.
நாடாவை எடுத்தேன், தொழில் புத்தி.
நடுவிலிருந்து விளிம்புக்கு இரண்டே முக்கால் மீட்டர்.
எந்தப் பக்கம் அளந்தாலும் இரண்டே முக்கால்.
இல்க்வார்ஸ் தன் வண்டியின் பின்பக்கம் துழாவி
அந்தப் பழைய சங்கிலியைக் கொண்டுவந்தான்.
நாங்கள் அதை அளக்கவில்லை.

விளிம்புக்கு ஒரு சாண் வெளியே
ஈரல் துண்டு வைத்தேன்.
கழுத்தை நீட்டியது, முன்னங்கால் நடுங்கியது,
இல்லாத இரும்பு இழுத்ததும் நின்றுவிட்டது.
காகங்கள் தின்றன.
புகையிட்ட மீன் வைத்தேன்.
காகங்கள்.
ஒரு ஞாயிறு எனக்கே பொறுக்காமல்
மண்வெட்டியால் பனியை வாரிப்போட்டு
வட்டத்தை மூடிவிட்டுப் போனேன்.
திங்கள் காலை இல்க்வார்ஸ் படம் அனுப்பினான்:
அதே இடம், அதே அளவு, புது வட்டம்.
எங்கள் அலுவலகத்தில் எவருக்கும் வராத துல்லியம்.

பிப்ரவரியில் தொலைபேசி அடித்தது.
“ஏரிக்கரை வளைவு வீட்டு டோனாட்ஸ்” என்றது குரல்.
அவர்தான்.
திட்டுவதற்குப் பத்து வாக்கியம் வைத்திருந்தேன்,
இரண்டு மாதமாய்ப் பாத்திரம் கழுவும்போதெல்லாம்
தீட்டித் தீட்டி வைத்தவை.
“சாப்பிடுதா?” என்றார்.
சாப்பிடுகிறது.
“ராத்திரி சங்கிலிச் சத்தம் கேக்கும்.
இப்ப தூக்கம் வரமாட்டேங்குது.”
அதற்கு மேல் அவரும் பேசவில்லை.
மூச்சு மட்டும் கொஞ்ச நேரம், பிறகு அதுவும் இல்லை.
பத்து வாக்கியங்களும்
மழுங்காமல் இன்னும் என்னிடமே இருக்கின்றன.

ஏப்ரலில் முற்றம் உருகியது.
மிதிபட்ட பனி இறுகிப்போயிருக்கும், கடைசியில்தான் கரையும்.
பழுப்புப் புல்லின் நடுவே
வெள்ளை வளையம் ஒன்று
நான்கு நாள் கிடந்ததாம்.
சனிக்கிழமை நான் வந்தபோது அதுவும் இல்லை.

நாய் வந்தது. முகர்ந்தது.
தடம் கிடைக்கவில்லை.
நான் வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.
நடந்ததைப் பெரிதாக்கிச் சொல்லமாட்டேன்,
அது ஓடவில்லை, துள்ளவில்லை.
கூரைக்குழாய் அடியில் தேங்கிய தண்ணீரை
நக்கப் போயிற்று.
பதினோரு மீட்டர் இருக்கும்.
குடித்தது, தும்மியது,
திரும்பி வந்து மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

நாடா பையிலேயே இருந்தது.
வட்டம் ஒருபக்கம் கோணி
பிர்ச் மரங்களின் பக்கமாகப் புடைத்திருந்தது.
என் வரைபடத்தில் வந்திருந்தால்
பிழை என்று அடித்திருப்பேன்.