பன்னிரண்டு வோல்ட்

பாலிநகர் வளைவில் மூன்று கம்பங்கள் விழுந்த இரவு
முட்டைகளுக்குப் பதினெட்டாம் நாள்.
அடைப்பெட்டியின் சிவப்பு எண்கள் அணைந்தன.
உள்ளே செருகிய கண்ணாடி வெப்பமானியில்
முப்பத்தேழரை
முப்பத்தாறு ஆகிக்கொண்டிருந்தது.

"வானைக் குசினிப் பக்கம் எடுங்கோ."
இவர் என்னைப் பார்க்கவில்லை.
முன்சீற்றைத் தூக்கி
பற்றரியைப் பார்த்தார்.
தவணைக் காசு இன்னும் இரண்டு மாதம்.
வன்னிக்குள் ஒரு பற்றரி வர
சோதனைச் சாவடி சம்மதிக்க வேண்டியிருந்த காலத்தில்
வளர்ந்த மனிசன்;
மூடி திறந்து தண்ணீர் பார்ப்பது
இவருக்குச் சாமி அறை.

பிறகு எடுத்தார்.
புகைக்குழாய் வெளியே பார்க்க,
மூக்கு வாய்க்கால் சரிவைப் பார்க்க.
சிவப்புக் கவ்வி கூட்டலில்,
கறுப்பு கழித்தலில்.
முந்நூறு வாட்ஸ் இன்வேட்டர்
ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.
யன்னலால் ஒரு வயர் வந்தது,
பெட்டிக்குள் எண்கள் திரும்பி வந்தன.

ஒரு மணித்தியாலம் நிறுத்து,
அரை மணித்தியாலம் ஓட்டு.
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தோம்.
எங்கேயும் போகாத வான்
இரவு முழுதும் போய்க்கொண்டிருந்தது.

விடிய அயல் வந்தது.
போன்கள், ரோச் லைற்றுகள்,
விமலேஸ்வரியின் பெடியனுக்கு மூச்சுப் புகைக்கும் மெசின்.
அதற்கு மட்டும் கேள்வி இல்லை,
பதினைந்து நிமிசம் அவன் மிதிபலகையில் இருந்து
வெள்ளைப் புகையை உறிஞ்சினான்.
தவேந்திரன் கேத்திலோடு வந்தான்.
"ஆயிரத்தைஞ்ஞூறு வாட்ஸ், தம்பி. பியூஸ் போயிடும்."
"உங்கட பெட்டியும் சூடாக்கிறதுதானே?"
"அது அவசரப்படாது."

இரண்டாம் நாள் கிராம சேவகர்
மடிக்கணினியைக் கொழுவிக்கொண்டு
நட்ட விபரம் பதிந்தார்.
"எத்தினை கோழி செத்தது?"
"சாகேல்ல."
"அப்ப உயிரோட எத்தினை?"
"இன்னும் பிறக்கேல்ல."
அவர் திரையை மேலும் கீழும் தேடினார்.
முட்டைக்கு நிரல் இல்லை.
பூச்சியம் போட்டார்,
என் வானின் கறண்டில்.

மூன்றாம் இரவு முள் சிவப்புக் கோட்டில்.
மல்லாவி றோட்டில் இடுப்பளவு தண்ணீர்,
டீசல் வராது.
பெடியனுக்கு இழுப்புக் கூடியிருந்தது.
ஆசுப்பத்திரிக்கு ஒரு ஓட்டம் மிச்சம் வேண்டும் என்றார்.
எஞ்சினைத் தொடவில்லை.
"பற்றரி செத்தால் தள்ளலாம்.
டீசல் செத்தால் ஆர் தள்ளுறது?"
இப்போதுதான் அந்தச் சரிவு எனக்கு விளங்கியது.

பற்றரியை அடிவரை குடித்தது பெட்டி.
மூன்றரைக்கு இன்வேட்டர் அழத் தொடங்கியது,
நாலுக்கு நிறுத்திக்கொண்டது.
போர்வை, சாக்கு, இவருடைய பழைய சேட்
எல்லாவற்றையும் பெட்டியின் மேல் போட்டேன்.
கையை வைத்துப் பார்த்தேன்.
என் கை எத்தனை வாட்ஸ் இருக்கும்.

ஆறே காலுக்கு மின்சார சபைக்காரர்
எங்கள் லைனைத் தொட்டிருக்க வேண்டும்.
குசினி பல்ப் எரிந்தது,
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
ஒரு ஓட்டில் கீறல்.
ஊசி குத்தின அளவு.
உள்ளிருந்து ஒரு தட்டு,
பிறகு இல்லை,
பிறகு ஒரு தட்டு.

விமலேஸ்வரி வேலிக்கு மேலால் சொன்னாள்
பெடியன் நித்திரை, சீராக என்று.
இவர் வானைத் திருப்பிப் பார்த்தார்.
டிக் என்றுகூடச் சொல்லவில்லை.
சார்ஜரைத் தேடி எடுத்து,
வயரைச் சுவர்ப் பிளக்கில் கொழுவி
அதே யன்னலால் வெளியே விட்டார்.
சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு.

அடுத்த நாள் பின்னேரம் எண்ணினோம்: எழுபத்தொன்று.
இரண்டு நொண்டி.
மிச்சத்தை வாழை அடியில் தாட்டேன்.
இவர் வாசலில் நின்று விரல் மடிக்கிறார்.
பதினெட்டு லீற்றர் டீசல்,
வகுத்தல் எழுபத்தொன்று.
"கணக்குப் பார்க்காதேங்கோ" என்றேன்.
மடித்த விரல்களுக்குள் ஒரு குஞ்சைக் கொடுத்தேன்.
ஈரம் இன்னும் காயவில்லை.