எத்தனை எண் போதும்

முப்பத்தோராம் பக்கம். ஓட்டை அங்கேதான்.
ராத்திரி செய்யதலி கண்டுபிடித்து அனுப்பியிருந்தான்:
"துணைத்தேற்றம் ஒன்பது, ஊகிக்கிற யந்திரத்துக்கு நிக்காது."
கூடவே ஒரு கும்பிடு பொம்மை.

சுத்தமல்லி அணைக்கட்டில் தாளை விரித்து
மேலே செருப்பை வைத்திருக்கிறேன்,
காற்று அப்படி.

முடிவில்லாத மரம்.
கணுவுக்குக் கணு இரண்டாகப் பிரியும்.
யந்திரம் வேரில் புறப்பட்டுத் தானும் இரண்டிரண்டாகி இறங்கும்,
போகிற இடமெல்லாம் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டு.
எந்த வழியே போனாலும்
ஓயாமல் திரும்பத் திரும்ப வருகிற எண்களில் பெரியது
இரட்டையாக இருக்க வேண்டும்.
ஒரே ஒரு வழியில் ஒற்றை ஜெயித்தாலும்
மொத்த மரமும் போச்சு.

ஆறு எண் வைத்துச் செய்ததை நாலில் செய்யலாமா?
இரண்டில்?
எந்த யந்திரத்தை நீட்டினாலும்
இதற்கு இத்தனை போதும், கீழே ஆகாது என்று
சொல்லிவிட்டு நிற்கிற வழிமுறை உண்டா?

இந்தப் பக்கத்துப் பனை எனக்கு உதவாது.
அதற்கு ஒரே வழி, நெட்டுக்கு;
அங்கே கேள்வி எப்போதோ தீர்ந்தது.
வாய்க்கால்தான் பிரிகிறது,
மடைக்கு மடை, வயலுக்கு வயல்.

ஷட்டர் திருக வந்த உச்சிமாகாளி
என் படத்தை எட்டிப் பார்த்தான்.
வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்; காக்கி இன்னும் வெளுக்கவில்லை.
"நம்பர் எதுக்கு மேடம் இத்தன?
இங்க ஏழு எழுதிருக்கு. தூக்குறது மூணுதான்.
எந்த மூணுன்னு தண்ணி வந்தாத்தான் தெரியும்."

சிரித்தேன். அவன் மரம்
நயினார்குளத்தில் முடிந்துவிடும்.
முடிகிற மரத்தில்
கடைசிவரை நடந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

'ஊகிக்காத' என்று ஒரு சொல் சேர்த்தால்
என் தேற்றம் நிற்கும்,
ஏற்கெனவே யாரோ நிறுத்தி வைத்த இடத்தில்.
பென்சிலால் எழுதிப் பார்த்தேன்.
அழித்தேன்.
ஊகிக்கிற யந்திரத்துக்கு
வழிமுறை உண்டா, இல்லவே இல்லையா,
இரண்டில் எதையும் இன்னும் ஒருவரும் நிறுவவில்லை.
எட்டு மாதம் நான் மட்டும்
நிறுவிவிட்டதாக நினைத்துக்கொண்டு
பேட்டை ரோட்டில் பஸ் ஏறி இறங்கியிருக்கிறேன்.

அபிஷேகப்பட்டிக்கு ஒன்று வந்தது. கூட்டம்.
கம்பியைப் பிடித்தபடி டிக்கெட்டைப் பார்த்தேன்:
கடைசி இரண்டு இலக்கம் முப்பத்தொன்று.
ஒற்றை.

ஒருதரம் வந்ததெல்லாம்
கணக்கில் சேராது.