தேறிய நிறை

சீனக்குடாவில், மாவாலைக்குப் பக்கத்தில்
லொறி நிறுக்கிற தராசில் எனக்கு வேலை.
வெறுமையாய் வரும்போது ஒரு நிறை,
மா ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு நிறை,
கழித்தால் தேறிய நிறை.
கையெழுத்து. அடுத்த லொறி.

இரவு முறையில் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில்
லொறி குறைவு, நுளம்பு கூட.
அப்போதுதான் வாசிப்பேன்.
வாசித்ததைப் பதிகிற சீ.ஆர். கொப்பிக்கும்
வேறு விதமாய்க் கோடு போட எனக்குத் தெரியவில்லை:
இலக்கம், பெயர், வரும்போது, போகும்போது, தேறியது.

வரும்போது:
தடிமன். சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
நிர்மலகாந்தியோடு கோபம்.
போகும்போது:
தடிமன் அப்படியே.
கோபம் எதுக்கென்று யோசிக்க வேண்டியிருந்தது.

தேறியது என்ற இடத்தில்தான் பேனை நிற்கும்.
நானூறு பக்க நாவல் ஒன்றுக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்:
"கப்பல்காரன் வெங்காயம் உரிக்கிற இடம்."
மிச்சக் கதை போய்விட்டது.
வெங்காயம் இன்னும் கண்ணைக் கரிக்கிறது.
மெல்லிய கவிதைப் புத்தகம் ஒன்றுக்கோ
இடம் போதாமல் ஓரத்தில் ஏறி
கீழே இறங்கி
அடுத்த புத்தகத்தின் வளவையும் பிடித்திருக்கிறேன்.
சிலதுக்குச் சைபர்.
ஒன்றே ஒன்றுக்குக் கழித்தல் குறி போட்டு
இரண்டு தரம் அடிக்கோடு:
வாசித்ததால் கையில் இருந்ததும் குறைந்தது.

கிண்ணியா றைவர் ஜவ்பர்
துண்டு வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டு
என் மேசையைப் பார்த்தார்.
"அப்ப இதையும் நிறுங்க மிஸ்" என்று
இருக்கைக்குக் கீழே கிடந்த ஒன்றைத் தந்தார்.
அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கம் இல்லை.
பெயர் என்ற இடத்தில் லொறி இலக்கத்தை எழுதினேன்.
மூன்று இரவு. தேறியது:
"பதினேழாம் பக்கத்தில் ஒருத்தி ஏற்கெனவே அழுகிறாள்.
ஏனென்று தெரியாமலே நானும்."

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.
கோட்டை வாசலடியில் பையைக் கல்லில் வைத்துவிட்டு
இளநீர் குடித்தேன்.
திரும்பினால் புள்ளிமான்.
கொப்பி மண்ணில், ஒரு தாள் அதன் வாயில்.
இழுத்தேன். அதுவும் இழுத்தது.
எனக்குக் கிடைத்தது
ஈரமான ஒரு மூலை மட்டும்.
இளநீர்க்காரன் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.
"வாசிக்கட்டும் விடுங்க,
எங்கட ஊர் மான் ஒண்டாவது படிக்கட்டும்."

முந்தின தாள் அறுபத்திரண்டில் முடிகிறது,
அடுத்தது எழுபத்துநாலில் தொடங்குகிறது.
பதினொரு புத்தகத்தை
அசைபோட்டபடி அது கடற்கரைப் பக்கம் போனது.

மேசையில் குந்தி யோசித்ததில் ஏழு திரும்பி வந்தது.
எட்டாவதின் அட்டை பச்சை என்று நினைத்தேன்,
அது நிர்மலகாந்தியின் குடை.
நூலகத்தில் பத்மலோசனி அக்கா
பதிவைப் பார்த்துச் சொல்லட்டா என்று கேட்டா.
வேண்டாம் என்றேன்.
ஏனென்று கேட்டிருந்தால் திணறியிருப்பேன்.
நாலு வரிசையை வெறுமையாக விட்டு
ஓரத்தில் சின்னதாய் எழுதினேன்: மான்.

நேற்று இரவு புதுசாய் ஒன்று தொடங்கினேன்.
கிழிந்த முதுகு, நூலக முத்திரை,
நான் காணாத பெயர்.
நாற்பதாம் பக்கத்தில் ஒரு கிணற்றடி.
இனி வாளி கைநழுவும் என்று
வரிக்கு முன்பே எனக்குத் தெரிந்தது.

நழுவியது.

சத்தம் கேட்கக் காத்திருந்தேன்.
வெளியில் ஹோர்ன்.
ஜன்னலைத் திறந்து, விளக்கைத் தட்டி,
வெறும் லொறி, ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பது,
துண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்து
கொப்பியை விரித்தேன்.

வரும்போது:
ஏற்கெனவே கொஞ்சம் பாரம்.