ஏழாம் சீர்

மரவனேரிக் கல்லூரி, இரண்டாம் மாடி,
திருத்தும் முகாமின் மூன்றாம் நாள்.
தலைக்குமேல் மின்விசிறி நின்று அரைமணி ஆகிறது.
மின் - விசி - றி: கூவிளங்காய்.
நாற்பது தாளுக்குப் பிறகு
எதைப் பார்த்தாலும் இப்படித்தான்
கை அலகிடுகிறது.

அரியர் தாள். யாப்பு. ஒன்பதாவது வினா.
எவர் எழுதித் தந்ததோ, கோடை பற்றி ஒரு குறள்:

    மாம்பழ மஞ்சளாய் வெந்த தெருவினில்
    சாம்பலாய் நின்ற நிழல்.

அலகிடுக. எதுகை, மோனை சுட்டுக. மதிப்பெண் ஐந்து.

பலரும் முதல் அடியைத் தாண்டவில்லை.
'தெருவினில்' புளிமா என்கிறார் ஒருவர்.
புளியும் மாவும் நின்றிருந்தால்
தெரு ஏன் வேகப்போகிறது?

இந்தத் தாள் வேறு.
அடிக்கோல் வைத்துப் போட்ட கட்டங்கள்.
நேர் நிரை, நேர் நிரை, நேர் நேர்.
விளமுன் நேர், மாமுன் நிரை,
ஓரிடத்திலும் தளை தட்டவில்லை.
எதுகைக்குக் கீழே மட்டும்
கேட்காத சில வரிகள்:

"மாம்பழம், சாம்பல். முதல் எழுத்துத்தான் மாறுகிறது.
குப்பனூரில் எங்கள் தோப்பிலும் அப்படித்தான்.
போன சித்திரையில் யாரோ போட்ட பீடி.
மா போய்ச் சா வந்தது.
எனவே இது அடியெதுகை."

அந்த 'எனவே'யை இரண்டு முறை வாசித்தேன்.
வட்டமிடப் போன சிவப்புப் பேனா
தாளைத் தொடாமல் நின்றது.
ஜன்னலில் சேர்வராயன் மலை,
துவைத்துத் துவைத்து வெளுத்த நீலத்தில்.

குனிந்தபடியே இருந்திருக்கிறேன்.
நெற்றியிலிருந்து உருண்டது
ஏழாம் சீரின் கட்டத்தில் விழுந்துவிட்டது.
'நிழல்' என்பதற்கு எதிரே
நாள் என்றிருந்ததோ, மலர் என்றிருந்ததோ,
இப்போது மையாலான ஒரு குட்டி மூக்கனேரி.

தலைமைத் தேர்வாளர் சகாயமேரி எட்டிப் பார்த்தார்.
"படிக்க முடியலன்னா மார்க் கிடையாது மேடம்.
ரூல் அப்படி."
அழித்தது நான் என்று சொல்லவில்லை.
முந்தானை நுனியால் ஒற்றினேன்.
காகிதம் கொஞ்சம் பிய்ந்ததுதான் மிச்சம்.

துளி.
து, ளி. இரண்டு குறில்,
இணைந்தே விழுந்திருக்கின்றன. நிரை.
வாய்பாடு மலர்.

ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு
அடுத்த தாளை எடுத்தேன்.
அதில் 'மாம்பழ' தேமாவாம்.
தவறுதான்.
ஆனாலும் வாயில் எச்சில் ஊறியது.