இரண்டு காற்று

நாகலூர் எஸ்டேட் கணக்கர் சவேரியப்பன்
காப்பிச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார்
ஒரு கப்பலை.

செவ்வாப்பேட்டையில் என் கடைக்குக்
கப்பல் வருவது இதுதான் முதல்முறை.
வருவதெல்லாம் முருகன், லட்சுமி,
இறந்தவர்கள்,
பத்தாம் வகுப்பில் மாவட்டத்தில் மூன்றாமிடம்.

ஜப்பான் படமாம். நூற்றறுபது வருஷமாம்.
பங்களாச் சுவரிலிருந்து இறக்கும்போது
பின்னால் ஒரு பல்லிமுட்டை இருந்ததாம்.
அதையும் சொன்னார்.

கண்ணாடியைக் கழற்றினேன்.
ஏற்காட்டுப் பனி உள்ளே புகுந்து
துறைமுகத்தின் இடப்பக்கம் பூஞ்சை பூத்திருந்தது.
மற்றபடி நீலம் அப்படியே.
கறுத்த கப்பல், விலாவில் சக்கரம்,
கயிறுகளில் ஈ மொய்த்தமாதிரி ஆட்கள்.
கரையில் குடை பிடித்த வெள்ளைக்காரி.

புகை ஒரு பக்கம் போகிறது.
கொடி எதிர்ப்பக்கம் பறக்கிறது.
எந்த ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு காற்று?
வரைந்தவன் கப்பலைப் பார்த்ததே இல்லை போல.
யாரோ சொல்லக் கேட்டிருப்பான்.

சிரிக்க வாயெடுத்தேன்.
நான் கண்ட பெரிய தண்ணீர் மேட்டூர் அணை,
அதுவும் மதகு மூடியிருந்த நாளில்.

வானத்தை விரலால் தடவினேன்.
மேகமில்லை அது, மரத்தின் ரேகை.
பலகையின் வருஷங்கள் மையோடு ஏறியிருக்கின்றன.
தேக்கா வாகையா என்றால் சொல்லிவிடுவேன்.
இது எங்கள் பட்டறையில் அறுபடாத மரம்.

பழைய பிரேம் செல்லரித்துவிட்டது.
முதலாளி மகன் கொடுத்தனுப்பிய பிரேமோ
இரண்டு விரற்கடை சின்னது.
"ஓரத்தை வெட்டிடும்மா,
அங்கே ஒண்ணும் இல்லை."

அங்கே ஒரு படகு இருந்தது.
கப்பலுக்கு முதுகு காட்டி
ஒருவன் துடுப்பு வலிக்கிறான்.
மடங்கிய மணிக்கட்டு,
பலகையில் ஊன்றிய கட்டைவிரல்,
நனைந்து தொடையில் ஒட்டிய துணி.
படம் முழுக்க
இவனை மட்டும்தான்
பார்த்து வரைந்திருக்கிறான்.

வெட்டாத கையா இது.
கல்யாணப் போட்டோக்களில்
ஓடிப்போன மைத்துனன்களை எடுத்திருக்கிறேன்.
தோள்மேல் கிடக்கும் அவர்கள் விரல்களைத்தான்
எடுக்க வராது.

சொல்லியிருக்கலாம்.
மணி நாலாகப்போகிறது, அவருக்கு பஸ்,
எனக்குக் கரண்ட் போவதற்குள் ஆறு பிரேம்.
இரும்பு ஸ்கேலை வைத்து
ஒரே இழுப்பு.

கப்பல் இருபது கொண்டை ஊசி வளைவும்
சாக்குக்குள்ளேயே ஏறிப் போய்விட்டது,
இரண்டு காற்றோடும்.

படகு என்னிடம் இருக்கிறது.
மேஜைக் கண்ணாடிக்கு அடியில்
மின்சார அட்டைக்கும் வரவேண்டிய கடன்சீட்டுகளுக்கும் நடுவே.
சில்லறை எண்ணும்போது குனிந்து பார்ப்பவர்கள்
யாரிது, மீன்காரனா என்கிறார்கள்.
ஆமாம் என்கிறேன்.

கூடையில் இருப்பது முள்ளங்கி.