பொருளின் விவரம்: வானம்

லியெபாயாவில் அக்டோபர் வந்தால்
தபால் நிலையக் கதவைத் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும்.
உள்ளே தள்ளுகிற காற்றில் பாதி கடல்.
என் பையில் இன்று ஒரே ஓர் உறை.
போன வருடம் இதே வாரச் செவ்வாயில் பதினேழு.

படப்புதிர்களில் தொலைந்துபோன
ஒற்றைத் துண்டுகளை விற்கிறேன்.
ஆயிரத்தில் ஒன்று குறைந்தால்
மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் வீண்
என்று தூக்கம் கெடுகிறவர்கள்
உலகமெங்கும் இருக்கிறார்கள்.
நிறையப் பேர் அமெரிக்காவில்.

டிராம் பணிமனையில் இரவுக் காவல் முடிந்ததும்
பழைய சாமான் சந்தையில் ஓட்டைப் பெட்டிகளை
எடைக்கு எடை வாங்கி வருவேன்.
குளியலறை வரை பெட்டிகள்.
கடிதம் வரும்:
'கீழ் வரிசை, இடமிருந்து எட்டாவது, ஆட்டின் காது.
நாய் தின்றுவிட்டது.'
தேடுவேன். காது கிடைக்கும்.
இரண்டு யூரோ எண்பது. தபால் செலவு தனி.
குளிர்கால எரிவாயு பில்லை
ஆடுகளும் படகுப் பாய்களும்தான் கட்டின.

கோடை முடிவில் ஒருநாள்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இல்வர்ஸ் சொன்னான்,
'அங்கே போகாது.'
எது போகாது?
'எதுவும்.'

மூன்று வாரம் கழித்து, போகும் என்றான்.
புதிய படிவம் தந்தான்.
பொருளின் விவரம்: அட்டைத் துண்டு, நீலம்.
எதன் பகுதி? வானம்.
உற்பத்தியான நாடு?

படத்தில் இருப்பது பவேரியக் கோட்டை.
அச்சடித்த ஊர் பெட்டியில் கிழிந்துவிட்டது.
விற்ற அம்மாள் க்ரோபின்யாக்காரி.
வானம் எந்த நாட்டுச் சரக்கு, இல்வர்ஸ்?
அவன் சிரிக்கவில்லை. என் பின்னால் வரிசை.
'ஏதாவது ஒரு நாட்டை எழுது, டாக்னியா.'
எழுதினேன்.
எதை எழுதினேன் என்பது மறந்துவிட்டது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்
என்பார்களே, அந்தக் கணக்கும் இங்கே உதவாது.
மூன்று டாலர் வானத்துக்கு முப்பத்தொரு டாலர் சுங்கம்.

விற்பனைத் தளம் அறிவுரை அனுப்புகிறது:
தலைப்புகளை மேம்படுத்துங்கள்.
படங்களில் வெளிச்சம் கூட்டுங்கள்.
தபாலை இலவசமாக்கிப் பாருங்கள்.
எதிர்வீட்டு குந்தர்ஸ், ஜெர்மனிக்கு விற்கலாமே என்கிறான்.
அங்கே உறைக்கே தனியாகப் பதிவெண் வேண்டும்.

என் கணக்குப் பக்கத்தில் ஓர் உலகப் படம்.
ஆர்டர் வரும் நாடு பச்சை, வராதது சாம்பல்.
புதிரில் துண்டுகள் உதிர்வதுபோல என்று
ஓர் உவமை தானாக வந்து வாசலில் நின்றது.
போ என்றேன்.
எரிவாயுக்காரன் உவமை வாங்குவதில்லை.

நேற்று வானம் திரும்பி வந்தது,
உறையில் மூன்று ஸ்டிக்கர், ஒரு காலணித் தடம்.
பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.
ட்யூபியூக் நகரத்து வெண்டெல் ஆக்கஸ் பதில் போட்டார்:
'மறுபடி அனுப்ப வேண்டாம்.
காலை உணவு டப்பாவில் ஒரு துண்டு வெட்டி
நீலம் பூசிவிட்டேன்.'
கூடவே புகைப்படம்.
பெரிதாக்கிப் பார்த்தேன். கோபுரத்துக்கு மேலே
அந்த ஓரிடத்தில் மட்டும் மழை வரப்போகிறது.

ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்.
'பொருள் வரவில்லை. விற்பவர் நல்லவர்.'
எத்தனை முறை வாசித்தேன் என்று கேட்காதீர்கள்.
கொஞ்சம் கோபமும் வந்தது.
ஒரு டப்பா அட்டை போதும் என்று தெரிந்துவிட்டால்
இனி யார் எனக்கு எழுதுவார்கள்?

இன்றைய ஒற்றை உறை ஷவுலேய்க்கு, பக்கத்து நாடு.
பேருந்தில் போய்க் கையிலேயே கொடுத்துவிடலாம்.
இல்வர்ஸ் எடை போட்டான். ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த வானத்தை
மறுபடி விற்பனைக்கு வைத்தேன்.
'நீலம், ஒரு துண்டு.
இருமுறை கடல் கடந்தது. ஓரம் லேசாக மடங்கியிருக்கும்.
இரண்டு யூரோ எண்பது.'

அனுப்பும் நாடுகள் என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.
எட்டு மணிக்குப் பணி.
கையுறையில் ஒன்றைக் காணோம்.